பாலைவன ஓரத்தில் உன் தோட்டம்

என் ஆசை மச்சாள் கௌரிக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. உயிரோடு இருந்தபோதும் நான் உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எல்லாம் போனில்தான், அதுவும் யாராவது ஒருத்தியின் அடுப்பில் ஏதாவது கருகும் வரைக்கும். இப்போது போனுக்கு வழியில்லை. மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று ஊரறிய எழுதுகிறேன். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

அண்ணை இப்போது என்னோடு ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ கேட்டது அதைத்தானே. "இந்த மனுசனை அந்தக் காட்டோரத்திலை தனிய விட்டிடாதை, சாந்தி" என்றாய். நான் விடவில்லை. மகள் ஆஹெனுக்குப் படிக்கப் போனதிலிருந்து சும்மா கிடந்த அறையில் அவருக்குக் கட்டில் போட்டிருக்கிறேன். ஆனால் நீ நினைத்த மாதிரி அவர் இங்கே வரவில்லை, மச்சாள். நான் நினைத்த மாதிரியும் வரவில்லை.

வாசிக்கிறவர்களுக்கு முதலில் உன் ஊரைச் சொல்ல வேண்டும். பேர்லினுக்குத் தெற்கே பைன் காட்டுக்குள் ஒரு சின்னக் கிராமம். வீடுகளுக்குப் பின்னால் காடு, காட்டுக்கு அந்தப் பக்கம் மரமே இல்லாத வெறும் மணல். சோவியத் இராணுவம் டாங்கி ஓட்டியும் குண்டு சுட்டும் பழகிய நிலம். அவர்கள் எப்போதோ போய்விட்டார்கள், மணல் அப்படியே கிடக்கிறது. ஊர்க்காரர் அதை வூஸ்ட என்கிறார்கள். பாலைவனம் என்று அர்த்தம். ஜேர்மனியில் பாலைவனமா என்று முதன்முதல் வந்தபோது நான் விழுந்து விழுந்து சிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கும்.

அகதியாக வந்தவர்களை மூலைக்கு ஒருவராகப் பிரித்து அனுப்பிய காலத்தில் அண்ணையை அந்தப் பக்கம் அனுப்பினார்கள். விசா கிடைத்ததும் மற்றவர்களெல்லாம் தமிழ்ச் சனம் இருக்கிற நகரங்களுக்கு ஓடினார்கள். அண்ணைக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்தது, அங்கேயே நின்றுவிட்டார். நீ கல்யாணம் முடித்து வந்து சேர்ந்தாய். காட்டோரத்தில் ஒருவரும் வாங்காமல் கிடந்த கடைசி வீட்டை இரண்டு பேரும் வாங்கினீர்கள். "உங்கை என்னத்தைக் கண்டனீ?" என்று நான் கேட்டதற்கு, "இஞ்சை மண் இருக்கடி" என்றாய். அந்த மணலைப் பார்த்து மண் என்று சொன்ன ஒரே ஆள் நீதான்.

அந்த மணலில் நீ கத்தரி வைத்தாய், வெண்டி வைத்தாய், பாகலுக்குப் பந்தல் போட்டாய். வீட்டுக்குப் பின்னால் ஒரு கல் பதித்து, சுற்றிவரத் தட்டி கட்டி, அதற்குக் கிணற்றடி என்று பெயரும் வைத்தாய். கிணறே இல்லாத கிணற்றடி! கோடை முழுக்க இரண்டு பேரும் அங்கேதான் வாளியில் அள்ளிக் குளிப்பீர்கள். குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியே ஓடிப் பாத்திக்குப் போகும். சவர்க்காரம் போட்ட நாளில் தண்ணீர் பூமரங்களுக்கு, போடாத நாளில் கத்தரிக்கு. யாழ்ப்பாணத்தில் எல்லா வீட்டிலும் வாழைக்குத் தண்ணீர் போகிற வழி அதுதானே. பக்கத்து வீட்டு இங்க்ரிட் முதல் வருடம் தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் குளியலறை பழுதா என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

இந்த ஆனி மாதமும் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் தோட்டம் திறக்கும் ஞாயிறு வந்தது. அன்றைக்கு யார் வேண்டுமானாலும் யார் வீட்டுத் தோட்டத்துக்குள்ளும் போகலாம், கேக் சாப்பிடலாம், செடி பார்த்துக் கதைக்கலாம். நீ போன முதல் வருடம் அண்ணை படலையைத் திறக்கவில்லை. இந்த முறை போன் எடுத்து, "நான் திறக்கப் போறன் சாந்தி. அவள் இருந்தா திறந்திருப்பாள்" என்றார். நான் உழுந்தை ஊறப்போடச் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். வடை சுட்டுக்கொடுக்க வருகிறேன் என்றுதான் சொன்னேன். திரும்பும்போது அவரையும் கையோடு கூட்டிவருவது என்று மனதுக்குள் ஒரே முடிவாக இருந்தேன்.

ரயிலில் போகும்போதே எனக்கு நல்லாகப் படவில்லை. பைன் மரங்கள் இடுப்புக்குக் கீழே பழுப்பாக நின்றன. கிராமத்து வாசலில் காட்டுத் தீ எச்சரிக்கைப் பலகையில் முள்ளு கடைசிச் சிவப்பில் நின்றது. பஸ்ஸை விட்டு இறங்கினால் மூக்குக்குள் ஒரு கருகல் மணம். எங்கேயோ எரிகிறதா என்று சாரதியைக் கேட்டேன். "இன்னும் இல்லை" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணை மெலிந்து போயிருந்தார். ஆனால் உன் தோட்டத்தைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன் மச்சாள். சுற்றிவர எல்லாம் காய்ந்து கிடக்க, அது மட்டும் பச்சையாக நின்றது. கத்தரியில் பூ, பந்தலில் பிஞ்சு. உன் கறிவேப்பிலைச் சட்டிகளை வரிசையாக வெயிலில் வைத்திருந்தார். பின்னேரம் மெல்லக் கதையைத் தொடங்கினேன்.

"அண்ணை, இந்தக் கோடை முடியுமட்டுமாவது என்னோடை வந்து இருங்கோவன்."

"கோடையிலை வந்தா தண்ணி ஆர் ஊத்துறது?"

"அப்ப மாரிக்கு வாங்கோ."

"மாரியிலை சட்டியளை உள்ளுக்கை எடுத்து வைக்கிறது ஆர்?"

"காடு பத்தினா என்ன செய்வியள்?"

"பத்தேக்கை பாப்பம்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நீ எப்படித்தான் இந்த மனுசனோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தினாயோ!

ஞாயிறு காலையில் தோட்டக்காரர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்ப்பார்கள், மத்தியானத்துக்குப் பிறகுதான் வெளியாட்கள் வருவார்கள். அண்ணை தன் பாத்திகளை விட்டு அசையமாட்டேன் என்றதால் இங்க்ரிட் என்னைக் கூட்டிப்போனாள். நீயும் நானும் முந்திப் பார்த்த அதே தோட்டங்கள்தான். ஆனால் அடையாளம் தெரியவில்லை.

இங்க்ரிட்டின் ரோசாக்கள் இல்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வெள்ளைச் சரளைக்கல் கொட்டி, நடுவில் கள்ளி வகைகள் வைத்திருக்கிறாள். காய்ந்து சாகிறதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட நானே பிடுங்குவது நல்லது என்று நினைத்தேன் என்றாள். அடுத்த வீட்டுக் குளம் வெறும் பள்ளமாகக் கிடந்தது. பள்ளத்தைச் சுற்றிப் பழையபடி கதிரைகள் போட்டிருந்தார்கள், நாங்களும் இருந்து கேக் சாப்பிட்டோம். மீன்கள் எங்கே என்று கேட்டேன். குளியல் தொட்டிக்குள் விட்டிருக்கிறார்களாம். அப்போது நீங்கள் எங்கே குளிக்கிறீர்கள் என்றேன். ஏரியில் என்றார்கள். ஏரியும் கரையை விட்டு எவ்வளவோ உள்ளே போய்விட்டதாம். எல்லாரும் சிரித்தோம்.

அதற்கப்பால் ஒருவர் செத்துப்போன வெண்பட்டைப் பூர்ச்ச மரங்களை வெட்ட மனமில்லாமல் அடி முதல் நுனி வரை நீல நிறம் பூசியிருந்தார். இலையில்லாத நீல மரங்கள், கீழே தண்ணீர் கேட்காத புற்கள். வந்தவர்கள் எல்லாரும் அழகு அழகு என்று படம் எடுத்தார்கள். எனக்கு அதற்குள் நிற்கவே மனம் வரவில்லை, இங்க்ரிட்டின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கடைசித் தோட்டம் காட்டு வேலியோடு ஒட்டியது. அந்த வீட்டுக்காரி மணலை மணலாகவே விட்டுவிட்டாள். கல்லும், காட்டு ஓமமும், இறகு மாதிரி அசைகிற புல்லும் மட்டும். உண்மையாகவே வடிவான தோட்டம். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மஞ்சள் பலகை: வெடிபொருள், உயிராபத்து, உள்ளே போகத் தடை. அந்தப் பலகைக் கம்பத்திலேயே அவள் ஒரு குருவிக்கூட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். கூடு வெறுமையாக இருந்தது. காடு முழுக்க ஒரு குருவிச் சத்தமும் இல்லை என்பது அப்போதுதான் என் காதில் பட்டது.

தீ வந்தால் என்ன செய்வீர்கள் என்று இங்க்ரிட்டைக் கேட்டேன். தீயணைப்பு வண்டிகள் இந்த வேலியோடு நின்றுவிடும், உள்ளே ஒருவரும் போகமாட்டார்கள், சூடு பட்டால் நிலமே வெடிக்கும் என்றாள். பிறகு? பிறகு காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்போம் என்றாள். அவள் ஏதோ பஸ் பிந்துவதைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். ஊரில் ஷெல் குண்டு எந்தப் பக்கம் விழும் என்று காத்துக்கொண்டிருந்து வளர்ந்தவள் நான்.

திரும்பும் வழியில் இரண்டு பேர் என்னை மறித்துக் கேட்டார்கள், உங்கள் அண்ணன் தோட்டம் மட்டும் எப்படி இவ்வளவு பச்சை என்று. கேட்ட விதம் சரியில்லை. பகலில் தண்ணீர் இறைக்கத் தடை போட்டிருக்கிற நேரம். எனக்குச் சுள்ளென்று வந்தது. மத்தியானம் வந்து பாருங்கள், அவர் குளிப்பதையும் சேர்த்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்தார்கள் மச்சாள். ஊர் முழுக்க வந்தது. நீ இருந்த காலத்திலும் அவ்வளவு கூட்டம் வந்திருக்காது. காய்ந்த தோட்டங்களைப் பார்த்துக் களைத்த சனம் உன் பந்தலுக்குக் கீழே வந்து பெருமூச்சு விட்டது. அண்ணை கிணற்றடியில் உடுப்போடு நின்று ஒரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக் காட்டினார். தண்ணீர் வாய்க்காலில் ஓடிக் கத்தரிப் பாத்திக்குள் போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். என்னை மறித்துக் கேட்ட இரண்டு பேரும் தட்டினார்கள். நீ போன பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான். வடையும் முடிந்துகொண்டு வந்தது. அந்த ஒரு மணித்தியாலம் நல்லாகத்தான் இருந்தது.

துளசிச் சட்டிக்குப் பக்கத்தில் உன் விளக்கையும் ஏற்றி வைத்திருந்தார். விருந்தாளிகள் வருகிற நாளில் நீ ஏற்றுவாய் என்று அவரும் ஏற்றினார்.

அந்த விளக்கு எதற்கு மேல் இருந்தது என்று வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். பாகல் பந்தலுக்குக் கால் நடக் கிடங்கு வெட்டியபோது ஒரு இரும்பு அகப்பட்டது. துருப்பிடித்து, ஒரு பக்கம் கூராக, மறுபக்கம் தட்டையாக. பார்த்த உடனே ஷெல் என்று தெரியும். தெரியாமல் இருப்பதற்கு நாங்கள் என்ன ஜேர்மன்காரரா? நான் அப்போது லீவுக்கு வந்திருந்தேன். நீ தோசைக்கரண்டியால் தட்டிப் பார்த்தாய். "கோது தானடி, உள்ளுக்கை மண் அடைஞ்சுபோய்க் கிடக்கு, அதுதான் இந்தப் பாரம்" என்றாய். எங்கள் பள்ளிக்கூடத்து மணியே ஷெல் கோதுதானே. கோவிலடியில் பூச்சாடியாக வைத்திருந்ததும் கோதுதான். பொலிசுக்குச் சொன்னால் வந்து தோட்டத்தையெல்லாம் கிண்டிப்போடுவார்கள் என்று அண்ணையும் சொன்னார். கூர்ப்பக்கத்தை மணலில் புதைத்து, தட்டைப் பக்கத்தை மேலே விட்டு, அதில் மஞ்சள் பூசி விளக்கு வைத்தாய். அன்றிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி. நீ போன பிறகு அண்ணை தினமும்.

அன்றைக்கு வந்தவர்களில் கட்ரின் என்று ஒரு பெண், கிராமத்துத் தீயணைப்புப் படையில் இருக்கிறவள். கையில் வடையோடு உன் துளசியைப் பார்க்கக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். வடையை மெல்லத் தட்டில் வைத்தாள். நிமிர்ந்து, ஒருவரையும் பயப்படுத்தாத குரலில், எல்லாரும் ஓடாமல் நடந்து தெருவுக்குப் போகச் சொன்னாள். சனம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பைகளைக் கையில் பிடித்தபடியே நடந்தது.

அண்ணை மட்டும் அசையவில்லை. அவளிடம் ஜேர்மனில் சொன்னார், இது வெறும் கோது, என் மனைவி தட்டிப் பார்த்துத்தான் வைத்தாள் என்று. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாங்கள் பாக்காத ஷெல்லோ, சாந்தி? உவைக்கு என்ன தெரியும்? நீ சொல்லு அவளுக்கு."

"அண்ணை, வாங்கோ போவம்."

"விளக்கு எரியுது. விளக்கை விட்டிட்டு எப்பிடி வாறது? இரு, நூத்திட்டு வாறன்."

விளக்கை அணைக்க அவர் குனிந்தார். கட்ரின் அவர் தோளைப் பிடித்தாள். நானும் மற்றக் கையைப் பிடித்தேன், இரண்டு பேருமாக அவரை இழுத்துக்கொண்டு போனோம். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

கிராமத்து மண்டபத்தில் எல்லாரையும் இருத்தினார்கள். வெடிபொருள் அகற்றும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். உள்ளே இருந்தது மண் இல்லை, மச்சாள். அதைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாதாம், சூடேறிச் சூடேறி அது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல முடியாதாம். அங்கேயே வைத்து வெடிக்க வைப்பதுதான் வழி என்றார்கள். மணல் மூட்டைகள் அடுக்கினார்கள். பொழுது சாயும் நேரம் சைரன் ஊதியது.

சத்தம் கேட்டபோது மண்டபத்தில் எல்லாரும் ஒருமுறை துள்ளினார்கள். யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பிறகு ஒருவரையொருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள், இரண்டு மூன்று பேர் கையும் தட்டினார்கள். நிலத்தில் குப்புறக் கிடந்தது இரண்டு பேர்தான். அண்ணையும் நானும். நான் எப்போது விழுந்தேன் என்று எனக்கே தெரியாது. இத்தனை வருட ஜேர்மன் வாழ்க்கை, வேலை, வீடு, எல்லாம் எங்கே போனதோ! இங்க்ரிட் வந்து தூக்கிவிட்டாள். அண்ணை தலையை மூடியிருந்த கையை எடுக்கவே இல்லை. "முடிஞ்சுது அண்ணை, முடிஞ்சுது" என்று நான் சொல்லச் சொல்ல, "இன்னும் வரும், படு" என்றார்.

இன்னும் இருக்கத்தான் இருந்தது. அடுத்த நாள் கருவி கொண்டுவந்து தோட்டம் முழுக்கத் தடவிப் பார்த்தார்கள். கத்தரிப் பாத்திக்குக் கீழே கிடந்தது. கிணற்றடிக் கல்லுக்குக் கீழேயும் கிடந்தது. நீங்கள் இரண்டு பேரும் நின்று குளித்த கல், மச்சாள். படலையில் நாடா கட்டி, தோட்டம் முழுவதையும் கிண்டி அரித்த பிறகுதான் உள்ளே வரலாம் என்றார்கள்.

உடுப்பும் பத்திரங்களும் எடுக்க மட்டும் வாசல் பக்கத்தால் எங்களை விட்டார்கள். அண்ணை படலையடியில் நின்றார். படலைக்கும் வாசலுக்கும் இடையே நீ பதித்த கல்லுகள். அவர் ஒரு கல்லில் கால் வைத்து, நின்று, அடுத்த கல்லைப் பார்த்து, அதில் கால் வைத்தார். இடையில் இருந்த மண்ணில் பெருவிரல்கூடப் படவிடவில்லை. அந்த மண்ணில் காலை முதல் மாலை வரை வெறுங்காலோடு திரிந்த மனுசன். வீட்டுக்குள் போனதும் கட்டிலில் இருந்து, "நான் உன்னோடை வாறன்" என்றார்.

ஒரு வாதமும் இல்லை, தண்ணீர் ஆர் ஊத்துறது என்ற கேள்வியும் இல்லை. எத்தனை தரம் கெஞ்சியும் வராதவர் கேட்காமலே வருகிறேன் என்றதும் எனக்குச் சந்தோசமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

இங்கே வந்த பிறகும் அவர் மண்ணில் கால் வைக்கவில்லை. எங்கள் தெருவுக்கு எதிரே பூங்கா இருக்கிறது, உனக்குத் தெரியும். தார் வீதியால் சுற்றிச் சுற்றி நடப்பார், புல்லுக்குள் இறங்கமாட்டார். கோவில் திருவிழாவுக்குக் கூட்டிப்போனோம். அன்னதானப் பந்தலைப் புல்வெளியில் போட்டிருந்தார்கள். அவர் வீதிக் கரையிலேயே நின்றுகொண்டார், நான் தட்டில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். இவர், என் வீட்டுக்காரர், நல்லதற்குச் சொல்வதாக நினைத்து, "அத்தான், இஞ்சை ஒண்டும் இல்லை, பயப்பிடாமல் இறங்குங்கோ" என்றார். அண்ணை ஒரு மாதிரிப் பார்த்தார். "அங்கையும் ஒண்டும் இல்லையெண்டுதானே இருந்தனாங்கள்" என்றார்.

வைத்தியரிடம் கூட்டிப்போனேன். யாரோடாவது மனம் விட்டுக் கதைக்க வேண்டும் என்றார், அதற்கு நாள் குறித்து டெர்மின் கிடைக்க மாதக்கணக்கில் செல்லுமாம். என்னோடு கதைக்கிறார்தான். ஆனால் ஒரே கதை.

"அவள் எத்தினை தரம் விளக்குத் திரியைத் தூண்டியிருப்பாள், சாந்தி?"

"அதை ஏன் இப்ப யோசிக்கிறியள்?"

"நான் மம்பெட்டியாலை கத்தரிப் பாத்தியை எத்தினை தரம் கொத்தியிருப்பன்? அவள் பக்கத்திலை இருந்து புல்லுப் பிடுங்குவாள்."

"ஒண்டும் நடக்கேல்லைத்தானே அண்ணை."

"நடக்கேல்லை" என்றார். "ஏன் நடக்கேல்லை?"

இதற்குப் பதில் உனக்குத் தெரியுமா? சில நாள் உன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. தோசைக்கரண்டியால் தட்டிப் பார்த்தாளாம், கோதாம்! எல்லாம் தெரிந்தவள்! பிறகு நீ அதற்கு மஞ்சள் பூசியது ஞாபகம் வரும், ஆத்திரம் போய்விடும். ஷெல் என்றால் எங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நாங்கள் எல்லாருமே நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஊரறிய எழுதுவது அதனால்தான். இதை வாசிக்கிற எங்கள் சனத்தில் யாராவது காணியில், தோட்டத்தில் அப்படி ஒரு இரும்பைக் கண்டெடுத்து வைத்திருந்தால், தட்டிப் பார்க்காதீர்கள். எட்ட நின்று பொலிசுக்குச் சொல்லுங்கள். தோட்டத்தைக் கிண்டினால் கிண்டட்டும்.

உன் தோட்டத்தைக் கிண்டி முடித்துவிட்டார்கள். இங்க்ரிட் போன கிழமை போன் எடுத்தாள். அடி ஆழம் வரை அரித்து, எடுத்ததையெல்லாம் எடுத்து, துப்புரவு என்று எழுதியும் கொடுத்துவிட்டார்களாம். பந்தல் இல்லை, பாத்தி இல்லை, துளசி இல்லை. ஒரே தட்டையான மணல்தான் கிடக்கிறதாம். கறிவேப்பிலைச் சட்டிகளை அவள் தன் வீட்டுக்குள் எடுத்து வைத்திருக்கிறாள். காட்டைத் துப்புரவாக்குகிறார்களா என்று கேட்டேன். காட்டை யார் கிண்டுவது என்றாள். அந்தப் பக்கம் புகை தெரிந்ததாம், மூன்று கிராமத்து வண்டிகள் வேலியோடு வந்து நின்றனவாம். காற்று மறுபக்கம் அடித்ததால் தப்பித்தார்களாம். அடுத்த கோடையில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று யாரைக் கேட்பது?

அண்ணையிடம் தோட்டம் துப்புரவு என்பதை மட்டும் சொன்னேன். பின்னேரம் பார்த்தால் பல்கனியில் ஒரு சட்டிக்கு முன்னால் குந்தியிருக்கிறார். நான் கொத்தமல்லி போடுவதற்காக மண் நிரப்பி வைத்த சட்டி. அதற்குள் கை வைக்கப் போவதும் எடுப்பதுமாக இருந்தார். நான் பின்னால் நிற்பது தெரிந்ததும், "ஏலாமக் கிடக்கு சாந்தி" என்றார். கடையில் காசு கொடுத்து வாங்கிய பை மண், மச்சாள். அதற்குள்ளேயே அவரால் விரலை விட முடியவில்லை. அவர் அழுவதை நான் பார்த்தது நீ போன அன்றைக்குப் பிறகு அதுதான்.

அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். இங்கே வைத்திருந்தால் அவர் தீயிலும் சாகமாட்டார், ஷெல்லிலும் சாகமாட்டார், இப்படியே மாடியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போவார். அங்கே கொண்டுபோனால் பின்னால் அந்தக் காடு. எது சரி என்று எனக்குத் தெரியாது. இவருக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. நீயாவது ஒரு கனவில் வந்து சொல்லலாம், வருகிறாயில்லை. தனியே விடாதே என்றுதான் நீ கேட்டாய், மாடியில் பூட்டி வை என்று கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வேலையிடத்தில் நீண்ட லீவு கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் முகத்தை நீட்டிக்கொண்டுதான் சம்மதித்தார்.

இனி என் வாக்கு இது, மச்சாள். பனி போனதும் அவரைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வருவேன். சண்டைக்குப் பிறகு மீள்குடியேறின எங்கள் சனம் வன்னியில் மிதிவெடிக்குப் பயந்து தங்கள் சொந்தக் காணிக்குள் எப்படிப் போனார்கள் என்று கேள்விப்பட்டிருப்பாய்: ஒருவர் முன்னால் நடக்க, மற்றவர் அவர் காலடி பதிந்த இடத்தில் மட்டும் கால் வைத்து. அதே மாதிரிப் போவோம். படலையடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நான் முன்னால் இறங்குவேன். மணல் ஈரமாக இருந்தால் காலடி நல்லாகப் பதியும், அதனால் முதலில் தண்ணீர் தெளிப்பேன். அவருக்குக் கால் எட்டவேண்டும் என்று சின்னச் சின்ன அடியாக வைப்பேன். அவர் எவ்வளவு நேரம் நின்றாலும் திரும்பிப் பார்த்து அவசரப்படுத்தமாட்டேன். எனக்கும் உள்ளுக்குள் உதறத்தான் போகிறது. ஆனாலும் முன்னால் நடப்பது நான்தான்.

உன் மச்சாள்,
அவருக்கு இருக்கிற ஒரே தங்கச்சி,
சாந்தி